குதிரை மேல் இரண்டு சம்பந்திகள்

கண்ணாடிக்கடைக்காரிக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, தன்னைவிட உயரமான பிராணிகள். இன்னொன்று, ஓயாத பேச்சு. இரண்டையும் ஒரே பயணத்தில் அவள் தலையில் கட்டிவிட்டாள், அவள் பெற்ற மகள்.

அவளுடைய கடை ரயில் பெட்டி மாதிரி நீளமானது. இரண்டு பக்கச் சுவரிலும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். வாசலில் அவள் கணவர் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பார். கடைக்கோடியில் திரை போட்ட இருட்டறை. எழுத்துப் பலகைக்கு மட்டும் விளக்கு. அங்கேதான் அவள் ராஜ்யம். வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?" என்று கேட்பாள். ஒரு நாளைக்கு அவள் பேசுவதில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விதான். மிச்சம் கால்வாசியையும் வீட்டில் செலவழிக்க மாட்டாள் என்று கணவர் கேலி செய்வார். ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிற அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. மைனஸ் பதினொன்று. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது.

சம்பந்தியம்மாளோ நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனில் ஹாரன் கெட்டுப்போயிருந்த காலத்தில்கூட அவள் தெருமுனையில் போட்ட சத்தத்துக்குப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுமாம். அன்றிலிருந்து அவளுக்கு ஹாரன் அக்கா என்றே பெயர். பெற்ற மகனே சிரித்துக்கொண்டு அப்படித்தான் கூப்பிடுவான்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறையச் சனம் இருக்கும்போது, "என்ன, பொண்ணு வீட்டுல எல்லாரும் பேச்சைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று ஹாரன் அக்கா கேட்டுவிட்டாள். மண்டபமே சிரித்தது. கடைக்காரியும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள் மாதிரி தங்கிவிட்டது. அதன் பிறகு சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தால், "இருங்க, இவர்கிட்டே குடுக்கறேன்" என்பதோடு சரி. சம்பந்தி அவளை வாய் நிறைய "அண்ணி" என்று கூப்பிடுவாள். இவள் பதிலுக்கு எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நீங்க", "வாங்க", அவ்வளவுதான்.

மகளும் மாப்பிள்ளையும் இதைக் கவனிக்காமல் இல்லை. மலைக்காட்டுக்குள் குதிரையில் போய், ஓடைக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கி, மறுநாள் வேறு வழியாகத் திரும்பும் பயணம் ஒன்று இருந்தது. நாலு பேருக்கு ஏற்பாடு செய்து, இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குதிரை மேல் ஏற்றிவிட்டால் சண்டை போடவாவது பேசுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

மலையடிவாரத்தில் குதிரைக்காரருடைய வீட்டில் தங்கி, காலையில் கிளம்ப வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் மகள் வாசற்படியைக் கவனிக்காமல் காலை வைத்தாள். கணுக்கால் பிசகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, ஐஸ் வெச்சா சரியாயிடும். இவர் என்கூட இருப்பார். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"உன்னை விட்டுட்டா? நானும் இருக்கேன்" என்றாள் கடைக்காரி. சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

"அம்மா, ப்ளீஸ். எனக்காக" என்றாள் மகள்.

திரும்பிப் பார்த்தால் ஹாரன் அக்கா ஏற்கெனவே குதிரை மேல் உட்கார்ந்திருந்தாள். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்த சாம்பல் குதிரை அது. "வாங்க அண்ணி! பிரேக் எங்க இருக்குன்னுதான் தெரியல. மத்தபடி நம்ம வேன் மாதிரிதான்!"

குதிரைக்காரர் மூட்டையின் கனம் பார்த்து, ஆளுக்கு ஒரு சிறிய பைதான் என்று சொல்லியிருந்தார். பையிலிருந்து சாமான்களை எடுத்து மகளிடம் கொடுத்துக் குறைத்த அமளியில், மாற்றுக் கண்ணாடி இருந்த டப்பாவும் மகளிடமே போய்விட்டது. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

சீமாட்டி என்று பெயர் கொண்ட பழுப்புக் குதிரை அவளுக்கு. பெயருக்கேற்ற நடை. முன்னால் குதிரைக்காரர், நடுவில் அவள், பின்னால் ஹாரன் அக்கா. நெடுநெடுவென்று வளர்ந்த மரங்கள், அடியில் ஈரமும் பாசியும், வெயில் அங்கங்கே காசு காசாய்த் தரையில் விழுந்து கிடந்தது. அதையெல்லாம் அமைதியாகப் பார்க்க முடிந்தால்தானே? பின்னாலிருந்து வானொலி ஓடிக்கொண்டே இருந்தது. வேனில் வரும் பிள்ளைகள் கதை, வேன் கிளட்ச் கதை, பக்கத்து வீட்டு நாய் கதை. 'காட்டுக்கு வந்தும் ஹாரன் சத்தமா' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் கடைக்காரி.

மத்தியானம் தாண்டி ஓடைக்கரையில் இறங்கினார்கள். இறங்கியதும் இரண்டு சம்பந்திகளும் காலை அகட்டி அகட்டி நடந்ததைப் பார்த்து, குதிரைக்காரர் மீசைக்குள் சிரித்தார். சேணங்களை இறக்கினார். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, "நல்லா நடந்துச்சு, ஒரு தட்டுத் தட்டிக் குடுங்கம்மா" என்றார். கடைக்காரி துணிச்சலை வரவழைத்துக்கொண்டு சீமாட்டியின் கழுத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. 'பரவாயில்லையே' என்று அவள் நினைத்த அந்த நொடியில், நாளெல்லாம் கடிவாளம் கிடந்து அரித்த முகத்தை அவள் தோளில் வைத்து ஒரு தேய் தேய்த்தது குதிரை. பாசம்தான். ஆனால் குதிரைப் பாசம். கண்ணாடி தெறித்துப் போய்க் கல்லில் விழுந்தது. அவள் "ஐயோ" என்று குனிவதற்குள் லாடம் அடித்த குளம்பு அதன் மேல் இறங்கியது. நறுக்கென்ற அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஒட்டவைக்கிற கதை இல்லை என்று.

பையைத் தலைகீழாகக் கொட்டித் துழாவினாள். டப்பா இல்லை.

காடு முழுவதும் தண்ணீரில் விழுந்த பச்சைச் சாயமாகக் கரைந்துவிட்டது. அவள் ஒரு மரவேரைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். பயத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. இனி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு, கண்ணாடிக்கடைக்காரிக்குக் கண்ணாடியே இல்லை என்று சம்பந்தி ஆரம்பிப்பாள். ஊருக்குப் போனதும் தெருவெல்லாம் சொல்லுவாள். வேன் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேரும்.

ஹாரன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இது எத்தனை விரல்?"

"உங்க கையே தெரியல."

"இப்ப?"

"ம்ஹூம்."

"இப்ப?"

சம்பந்தியின் கை மூக்குக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் விரல்கள் விரல்களாகத் தெரிந்தன. "மூணு" என்றாள். எத்தனையோ பேருக்கு எழுத்துப் பலகையைக் காட்டியவளுக்கு இப்படி ஒருத்தி உட்கார்ந்து சோதனை செய்தது இதுதான் முதல் தடவை.

"ஒரு சாண். சரி, அளவு தெரிஞ்சுபோச்சு" என்று எழுந்தாள் ஹாரன் அக்கா. "ஏங்க, இப்படியே திரும்பிப் போயிடலாமா?"

"வந்த வழியில திரும்பினாலும் அதே தூரம்தாம்மா. அதுல இறக்கமும் சாஸ்தி" என்றார் குதிரைக்காரர். "நாளைக்குப் போற வழி கொஞ்சம் நல்லா இருக்கும். பாதைக்குக் குதிரைக் கண்ணே போதும். ஆனா கிளை தாழ்வா இருக்கும். குதிரை தன் தலைக்கு மட்டும்தான் இடம் பாக்கும், மேல உட்கார்ந்திருக்கிற தலைக்குப் பாக்காது. நான் முன்னாடி பாதையைப் பாத்துட்டே போகணும், திரும்பித் திரும்பி இவங்களைப் பாக்க முடியாது."

"அதுக்கு நான் இருக்கேன். நாளைக்கு உங்களுக்கு அடுத்து நான், எனக்குப் பின்னாடி அண்ணி." அவள் கடைக்காரியிடம் குனிந்தாள். "நாளைக்கு நான் வாயை மூட மாட்டேன். தாங்குவீங்களா?"

கடைக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று அந்தி சாய்வதற்குள் சம்பந்தி அவளுக்குக் கூடாரத்தைக் கையால் காட்டிக் கொடுத்தாள். இது வாசல், இது கயிறு, இங்கே தடுக்கும், காலைத் தூக்கி வையுங்கள். சுடச்சுட சூப்பைக் குவளையில் ஊற்றி, கை இரண்டையும் பிடித்து அதன் மேல் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். அத்தனையும் எந்தக் கேலியும் இல்லாமல் நடந்தது. கடைக்காரி ஒவ்வொரு தடவையும் அது வரும் வரும் என்று காத்திருந்து, காத்திருந்தபடியே தூங்கிப்போனாள்.

காலையில் கிளம்பியதும் ஹாரன் அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

"குனிங்க அண்ணி! குதிரைக் கழுத்துல படுத்துக்கோங்க. இன்னும்... இன்னும்... ஆங், நிமிரலாம். இப்ப இடது பக்கம் முள்ளுச் செடி, காலை ஒட்டி வெச்சுக்கோங்க. இப்ப ஒண்ணுமில்ல, நேர் ரோடு. வலது கைப்பக்கம் ஒரு மரம் விழுந்து கெடக்கு. அது மேல குடை குடையாக் காளான். பள்ளிக்கூடத்துல மழை நாள்ல வராண்டாவுல குடைங்களை விரிச்சுக் காய வெப்பாங்களே, அந்த மாதிரி. ஒண்ணு மட்டும் செவப்பு. குனிங்க!"

கொஞ்ச தூரம் போனதும் கடைக்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் குரல் போகிற பக்கமெல்லாம் காடு உருவாகிக்கொண்டே வந்தது. நேற்றுக் கண்ணால் பார்த்த மரங்களைவிட இன்று காதால் பார்த்த மரங்கள் பக்கத்தில் இருந்தன. குரல் கொஞ்சம் நின்றால்கூடத் தவித்தது.

"அப்புறம்?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து சம்பந்திக்கு வந்த முதல் கேள்வி அதுதான்.

முன்னால் ஹாரன் அக்காவின் குரல் எகிறியது. "அப்புறமா? அப்புறம் நிறைய இருக்கு அண்ணி, கேளுங்க!"

மலை முகட்டில் புல்வெளி வந்தது. இந்தப் பயணத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தைப் பார்க்கத்தான் வருவார்களாம். குதிரைகளைப் புல்லில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரிக்கு மேலே ஒரு வெளிர் நீலம், கீழே ஒரு கரும்பச்சை. அவ்வளவுதான்.

"சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு அழகா எல்லாம் சொல்ல வராது."

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

ஹாரன் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எதிர்ல மலைங்க வரிசையா நிக்குது. முன் வரிசை கரும்பச்சை, அதுக்குப் பின்னாடி நீலம், அதுக்கும் பின்னாடி துவைச்சுத் துவைச்சு வெளுத்த யூனிபாரம் நீலம். கடைசி பெஞ்சு கண்ணுக்கே சரியா தெரியல, தூங்குது போல. மேகம் ஒண்ணு பள்ளத்தாக்குல இருந்து ஏறுது. மணி அடிச்சதும் பிள்ளைங்க தள்ளிக்கிட்டு வருமே, அப்படி வருது. ஒண்ணு மட்டும் பின்தங்கிப் போச்சு பாவம், ஷூ லேஸ் அவுந்துடுச்சு போல."

கடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உங்களுக்குக் குதிரைன்னா பயமே இல்லையா?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா? உயிரே போகுது. எனக்குப் பயம் வந்தா வாய் நிக்காது அண்ணி. நேத்து பூரா எதுக்கு அவ்வளவு பேசினேன்னு நெனச்சீங்க? கல்யாணத்தன்னிக்கும் அப்படித்தான். ஒரே பையன், நல்லபடியா நடக்கணுமேன்னு கை காலெல்லாம் நடுக்கம். நீங்க வேற பெரிய கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அசையாம என்னையே பாத்துட்டிருந்தீங்களா, என்ன பேசினோம்னே எனக்கு ஞாபகம் இல்ல."

அந்த ஒரு வார்த்தையைக் கடைக்காரி இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தாள். சொன்னவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அவளும் தன்னைப் போலவே அன்றைக்கு நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எனக்கும் அன்னிக்குப் பயம்தான்" என்றாள் மெதுவாக. "எனக்குப் பயம் வந்தா வாய் வராது."

"சரியாப் போச்சு போங்க!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள் ஹாரன் அக்கா.

முகட்டைத் தாண்டியதும் ஒரு செங்குத்து இறக்கம். சவாரி கூடாது, நடந்துதான் இறங்க வேண்டும். குதிரைக்காரர் தன் குதிரையைத் தட்டிக்கொடுத்து முன்னால் நடக்க விட்டு, மற்ற இரண்டின் கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தார். ஹாரன் அக்கா கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு... வேர்... இங்க ஒரு எட்டு அகலமா வைங்க... நல்லா வருது உங்களுக்கு..." குரல் காலையிலிருந்து பேசிப் பேசிக் கரகரத்துப்போயிருந்தது. ஆனால் நிற்கவில்லை.

திடீரென்று நின்றது.

முன்னால் குளம்புச் சத்தமும் நின்றிருந்தது. ஒரு குதிரை மூக்கால் புஸ்ஸென்று ஊதியது. அப்புறம் அதுவும் இல்லை. "அண்ணி?" என்றாள் கடைக்காரி மூச்சுக்காற்றில். அவளை அறியாமலே வந்த சொல் அது. "அண்ணி, என்ன?"

சம்பந்தியின் கை இறுகியது. பிறகு ஒரு விரல் வந்து அவள் உள்ளங்கையைப் பிரித்து, அதில் எழுதத் தொடங்கியது. க. சரி. ர. சரி. அடுத்து அந்த விரல் நடுங்கியது, இன்னொரு சுழி சுழித்தது, டி என்று முடிந்தது.

கரண்டியா?

காட்டுக்கு நடுவில் கரண்டிக்கு என்ன வேலை என்று அவள் குழம்பி நிற்கும்போது, எதிரே பச்சைக்குள் பெரிய கரும்பழுப்புத் திட்டு ஒன்று மெதுவாக அசைந்தது. கொஞ்சம் எழும்பியது. அதன் காலடியில் இன்னொரு சின்னத் திட்டு. இரண்டும் பாதையின் குறுக்கே உருண்டு போவது போல் போயின. குதிரைக்காரர் நாக்கால் மெல்லிய சத்தம் கொடுத்துக் குதிரைகளை அமர்த்திக்கொண்டே இருந்தார். கடைக்காரி சம்பந்தியின் கையைப் பிடித்திருந்த பிடியில் இரண்டு பேருக்கும் விரல் வெளுத்திருக்கும்.

வெகுநேரம் கழித்து, "போயிடுச்சும்மா. அம்மாவும் குட்டியும். காத்து நம்ம பக்கம் அடிச்சதால நம்ம வாசனை அதுக்குப் போகல" என்றார் குதிரைக்காரர். அவரும் நெற்றியைத் துடைத்துக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

ஹாரன் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கரடியா அது?" என்றாள் கடைக்காரி. "நீங்க கரண்டின்னு இல்ல எழுதினீங்க?"

"கை நடுங்கினதுல ஒரு எழுத்து எக்ஸ்ட்ரா விழுந்துடுச்சு போல அண்ணி" என்று சொல்ல வந்தவளுக்குப் பாதிக்கு மேல் குரலே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்கள். குதிரைக்காரர் ஒன்றும் புரியாமல் குதிரைகளோடு நின்றார்.

அதற்குப் பிறகும் கிளைகள் வந்தன. குரல் போன பின்னும் ஹாரன் அக்கா விடவில்லை. குனிய வேண்டும் என்றால் ஒரு கைதட்டு, நிமிரலாம் என்றால் இரண்டு. அப்படியே மலையடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, டப்பா என்கிட்டயே தங்கிடுச்சு! நேத்து பூரா எனக்குத் தூக்கமே இல்ல, எப்படிம்மா வந்தே?" என்று பதறினாள். மாப்பிள்ளை ஓடிவந்து கண்ணாடியைக் கையில் கொடுத்தான். கடைக்காரி அதைப் போட்டுக்கொண்டாள். உலகம் சட்டென்று தன் ஓரங்களைத் திரும்பப் பெற்றது.

எதிரே ஹாரன் அக்கா நின்றாள். அவள் நெற்றியிலும் கன்னத்திலும் கீறல்கள். ஒன்று புருவத்திலிருந்து காது வரை இழுத்திருந்தது. காதோரம் ரத்தம் காய்ந்து கிடந்தது. தலைமுடியில் சருகு. கடைக்காரிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து "குனிங்க, குனிங்க" என்று சொன்னவள், தான் முன்னால் பார்த்துக் குனிய மறந்திருக்கிறாள். ஒவ்வொரு கிளையும் முதலில் அவள் முகத்தில்தான் விழுந்திருக்கிறது. நாளெல்லாம் ஒரு "ஸ்ஸ்" சத்தம்கூட இவள் காதில் விழவில்லை.

"அண்ணி..." என்று அவள் கன்னத்தைத் தொட்டாள். நன்றி என்கிற சொல் அந்த முகத்துக்கு முன்னால் ரொம்பச் சின்னதாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் வெந்நீரும் பஞ்சும் கேட்டாள். சம்பந்தியை நாற்காலியில் உட்கார வைத்து, தானே ஒவ்வொரு கீறலாகத் துடைத்தாள். ஹாரன் அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"அத்தைக்கு என்ன ஆச்சு? அத்தை பேசாம இருந்து நான் பாத்ததே இல்லையே!" என்றாள் மகள். "அம்மா, காடு எப்படி இருந்துச்சு? நீ ஒண்ணுமே பாத்திருக்க மாட்டியேம்மா, பாவம்."

"யாரு சொன்னா?" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. பஞ்சை வெந்நீரில் நனைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "கேளு. முகட்டுல ஏறினா எதிர்ல மலைங்க வரிசையா நிக்குது. கடைசி பெஞ்சு மட்டும் தூங்குது..."

காளானைச் சொன்னாள், மேகத்தைச் சொன்னாள், கரண்டியைச் சொன்னாள். மகளும் மாப்பிள்ளையும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் ஹாரன் அக்கா அவள் முழங்கையைத் தட்டி, கையால் காட்டிக் கொடுத்தாள்.